கவரில் போடாத கட்டைவிரல்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எண்ணூருக்குக் கிழக்கே கடலில், வலையை இழுக்கும் விஞ்சில் இரும்புக் கயிறு துள்ளி, என் அண்ணனின் வலது கட்டைவிரலை அடியோடு பிய்த்தது.

2. அண்ணன் ஓட்டும் மீன்பிடி லாஞ்சு கரையை நோக்கித் திரும்பி, மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரிந்தபோது செல்போனில் சிக்னல் வந்தது. அண்ணனின் கூட்டாளி என்னை அழைத்தார். "விரலு கெட்ச்சிடுச்சு பாப்பா. கைலதான் வெச்சுகினு கீறேன். இன்னா பண்ணணும், சொல்லு."

3. நான் ஆய்வகத்தில் இருந்தேன். "ஐஸ்ல வைங்க, சீக்கிரம் வாங்க" என்றேன்.

4. அவர்கள் இறாலை வைப்பதுபோல வைத்தார்கள். பெட்டியில் பொடித்த ஐஸ், நடுவில் விரல், அதன்மேல் மறுபடியும் ஐஸ்.

5. அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவில் மருத்துவர் பெட்டியைத் திறந்தார். விரல் வெளுத்து, விறைத்துக் கிடந்தது. "ஐஸ் நேரா பட்டிருக்கு. உள்ள இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் போயிடுச்சு. ஈரத் துணியில சுத்தி, கவர்ல போட்டு, அந்தக் கவரை ஐஸ்ல வெச்சிருக்கணும். யார் சொல்லி இப்படி வெச்சீங்க?"

6. யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆறாவதைச் சரிசெய்ய எனக்கு ஏழு மாதம் ஆனது.

ஆய்வகத்தில் ஒரு நாளைக்கு இருபது முறையாவது எதையாவது ஐஸில் வைக்கிறோம். அங்கே மூடியுள்ள குழாய்க்குள் போகாமல் எதுவும் ஐஸ் பக்கம் போவதில்லை. எல்லோருக்கும் கை பழகிய வேலை என்பதால் குழாயைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. லாஞ்சில் அப்படி ஒரு பழக்கம் இல்லை. பிடித்ததைக் கெடாமல் கரைசேர்க்கத் தெரிந்த மிக நல்ல முறையை அவர்கள் அண்ணனின் விரலுக்கும் செய்தார்கள். நான் ஒரு லாஞ்சு டிரைவரின் தங்கை. ஐஸ் பெட்டி எப்படி அடுக்கப்படும் என்று பள்ளிக்கூடம் போகும் முன்பே எனக்குத் தெரியும். இருந்தும் கவர் என்ற ஒன்றைச் சொல்லவில்லை.

மருத்துவர் நியாயமானவர். அன்றே இன்னொன்றும் சொன்னார். விரல் வெட்டுப்படவில்லை, பிய்ந்திருக்கிறது. கவரில் வந்திருந்தாலும் ஒட்ட முயன்றிருப்பார்களே தவிர, ஒட்டியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தை நான் குறிப்பேட்டில் அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன். அது உதவவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து நடந்ததற்கு அதுதான் காரணம். விரல் நீளம்கூட இல்லாத, உடம்பில் நீலக் கோடு போட்ட ஒரு சிறு மீனை எங்கள் ஆய்வகத்தில் வளர்க்கிறோம். மயக்க மருந்து கொடுத்து வால் துடுப்பின் நுனியை வெட்டுவோம். ஒரு நாளுக்குள் காயத்தைத் தோல் மூடிவிடும். அந்தத் தோலுக்கு அடியில் செல்கள் வந்து கூடி ஒரு மொட்டுப்போலப் புடைக்கும். இரண்டு வாரத்தில் துடுப்பு எலும்புக் கம்பிகளோடு திரும்ப வளர்ந்திருக்கும். அந்த மொட்டில் கூடும் செல்கள் எங்கிருந்து வருகின்றன, எது எலும்பாக வேண்டும் எது தோலாக வேண்டும் என்பது அவற்றுக்கு எப்படித் தெரிகிறது என்பதே எங்கள் கேள்வி. அதில் என் பங்கு மிகச் சிறியது: வெட்டுவது, படமெடுப்பது, அளப்பது, அட்டவணையில் போடுவது.

அம்மா காசிமேட்டில் மீன் அரிந்து கொடுக்கிறவர். என் வேலையை அக்கம்பக்கத்தில் அவர் அறிமுகப்படுத்தும் விதம் இது: "எங்க வூட்ல அல்லாரும் மீன வெச்சு துன்னோம். இது ஒண்ணுதான் மீனுக்கு சோறு போட்டு சம்பாரிக்குது. அதுவும் இன்னா மீனு? கொழம்பு வெச்சா ஒரு கரண்டிக்கு நூறு வேணும்."

வேலையில் சேர்ந்த நாள் வீட்டில் கேட்டார்கள். நான் விளக்கினேன். வால் திரும்ப வளர்வதைச் சொல்லிவிட்டு, "ஏன் வளருதுன்னு புரிஞ்சிடுச்சுன்னா, ஒரு நாள் மனுஷனுக்கும்..." என்று நிறுத்தினேன். முடிக்கத் தெரியாமல் நிறுத்திய வாக்கியம் அது. அண்ணன் அதைத் தனக்குள் முடித்து வைத்திருந்தான்.

ஐப்பசியில் காயம் ஆறியது. கட்டைவிரல் இல்லாத வலது கை எவற்றையெல்லாம் செய்யாது என்று ஒரு பட்டியல் போட்டேன். லுங்கி முடிச்சு. சட்டைப் பொத்தான். தண்ணீர் பாட்டில் மூடி. வலை பின்னும் ஊசி. லாஞ்சின் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிப்பது. அண்ணனின் செல்போன் அந்தக் கட்டைவிரல் ரேகைக்குத்தான் திறக்கும். ரகசிய எண்ணை அவன் மறந்து வருடமாகிவிட்டது. விபத்து நடந்த வாரம் அது மணியடித்துக்கொண்டே இருந்தது, அதற்குள் இருந்த ஒரு எண்ணையும் எங்களால் எடுக்க முடியவில்லை. "பூட்ட வெச்சுக்கினு சாவிய கடல்ல போட்டேன்" என்றான் அண்ணன். அந்த மாதத்தில் அவன் சொன்ன ஒரே வேடிக்கை அது.

லாஞ்சின் முதலாளி நல்லவிதமாகத்தான் பேசினார். "சித்திரைல தடைக்காலம் வருது. ரெண்டு மாசம் எவனும் கடலுக்குப் போகப்போறதில்ல. ஆனில லாஞ்சு எறங்கச்சொல்ல உன் கை புடிக்குதுன்னா நீதான் டிரைவரு. இல்லாங்காட்டி நான் வேற ஆளப் பாக்கணும். தப்பா எடுத்துக்காத நைனா." அண்ணனுக்கு முப்பத்திரண்டு வயது. பதினாறு வயதில் லாஞ்சு ஏறியவன். வேறு எந்தத் தொழிலும் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

கை அறுவை மருத்துவர் ஒரு வழி சொன்னார். காலின் இரண்டாவது விரலை எலும்பு, நரம்பு, ரத்தக் குழாய் எல்லாவற்றோடும் எடுத்துக் கட்டைவிரல் இருந்த இடத்தில் பொருத்துவது. பார்க்கக் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், ஆனால் பிடிக்கும். மாசிக்குள் செய்தால் ஆனிக்குக் கை ஓரளவு தயாராகும்.

துறைமுகத்தில் இந்தச் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வலை பின்னுகிறவர்கள் நடுவில் அண்ணன் சும்மா உட்கார்ந்திருப்பான். அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கூட்டாளி கேட்டார்: "ரெண்டாவது விரலா? அது மெட்டி போடுற விரலாச்சே மாமு. கைல மெட்டி போட்டுகினு வருவியா?"

"போட்டுகினு வந்து உன் கன்னத்துலதான் மொதல்ல வெச்சுப் பாப்பேன்" என்றான் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவன் மருத்துவமனைக்குப் போகவில்லை. கேட்டால், "டெக்குல வெறுங்கால்ல நிக்கிறவனுக்கு காலுதான் கையி. அத எட்த்து இங்க வெச்சா அங்க இன்னா பண்றது?" என்பான். நியாயமான கேள்வி. மருத்துவரிடம் கேட்டு, நிற்பதற்குப் பெருவிரலும் பாத விளிம்பும்தான் முக்கியம், இரண்டாவது விரல் இல்லாமல் நிற்கப் பழகிவிடலாம் என்று பதில் கொண்டுவந்தேன். அப்போதும் போகவில்லை.

உண்மைக் காரணத்தை அவன் கார்த்திகையில் சொன்னான். அதுவும் அம்மாவின் விரலைக் காட்டி.

அம்மாவின் இடது ஆள்காட்டி விரல் நுனி, என்னைக் கருவில் சுமந்திருந்தபோது, வஞ்சிரம் அரியும்போது போனது. மஞ்சளும் துணியுமாகக் கட்டிக்கொண்டே வேலைக்குப் போனார். நுனி திரும்ப வளர்ந்தது. நகமும் வந்தது, கொஞ்சம் கோணலாக. எங்கள் வீட்டில் அதை யாரும் அதிசயமாகப் பேசியதில்லை.

"அம்மாக்கு வளந்துச்சா இல்லியா?" என்றான் அண்ணன். "நண்டுக்கு வளருதா இல்லியா? உன் மீனுக்கு வளருது. அப்பால எனக்கு மட்டும் இன்னா? நீ மருந்து கண்டுபுடிக்கச்சொல்ல இங்க கால் விரல் குந்திகினு இருந்துச்சுன்னா, புது விரலு எங்க மொளைக்கும்?"

அவன் அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தான். எனக்காக.

நான் செய்திருக்க வேண்டியது அன்றைக்கே பதில் சொல்வது. சொன்னது பாதிதான். அம்மாவுக்கு நகத்தின் வேர் தப்பியது, நகத்தின் வேர் இருக்கும் வரைதான் விரல் நுனிக்கு அந்தச் சக்தி உண்டு, உனக்குப் போனது அடியோடு என்று சொன்னேன். மருந்தைப் பற்றிய கேள்விக்கு "பார்க்கலாம்ணா" என்றேன். "பார்க்கலாம்" என்று சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதன் அசிங்கம் அன்றே தெரிந்திருக்கும்.

பாதிப் பதில் என்ன செய்யும் என்பது இரண்டு வாரத்தில் தெரிந்தது. அண்ணன் புதிதாக வாங்கிய செல்போனில் ஒரு விளம்பரம் காட்டினான். ஸ்டெம் செல் ஊசி. முட்டி வலி, சர்க்கரை, பக்கவாதம், இழந்த உறுப்பு, எல்லாவற்றுக்கும். ஊரின் மறுகோடியில் ஒரு மாடியில் இருந்தது அந்த இடம். போகாதே என்று சொல்வதைவிடக் கூடப் போவது மேல் என்று தோன்றியது. மூன்று கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டேன்.

வரவேற்பறையில் குளிர்சாதனம், மீன் தொட்டி, புன்னகைக்கும் வெளிநாட்டுக் குழந்தையின் படம். ஆலோசகர் என்று வந்த இளைஞர் இனிமையாகப் பேசினார். கேட்டேன்: எந்த செல், உடம்பின் எந்தப் பகுதியிலிருந்து? ஊசி போட்டு விரல் வளர்ந்த ஒருவரையாவது காட்ட முடியுமா? இது ஆராய்ச்சி என்றால் பதிவு எண் என்ன? ஆராய்ச்சிக்கு வருகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாதே?

"எல்லாம் உங்க உடம்புலேருந்தே எடுக்கிறது மேடம். இயற்கையானது" என்றார். மூன்று கேள்விக்கும் அதே பதில்.

அண்ணன் எனக்கு முன்னால் படியிறங்கினான். தெருவுக்கு வந்ததும், "அவன் மீன் தொட்டியப் பாத்தியா? தண்ணி மாத்தி ஒரு மாசம் இருக்கும். மீன வெச்சுக்கத் தெரியாதவன் நம்ம விரல எங்க வெச்சுப்பான்" என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி தவறு. அவன் அந்த ஊசிக் கடையைத்தான் கைவிட்டான், காத்திருப்பதைக் கைவிடவில்லை. அவனைப் பொறுத்தவரை அது போலி மருந்து. அசல் என்னிடமிருந்து வரும்.

இதற்காக ஸ்டெம் செல் என்ற சொல்லையே பொய் என்று சொல்ல மாட்டேன். ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்கு எலும்பு மஜ்ஜையிலிருந்து அந்தச் செல்களைக் கொடுத்து உயிர்பிழைக்க வைப்பது பல வருடமாக நடக்கும் மருத்துவம். அதற்கும் ஒரு மனிதக் கை முளைப்பதற்கும் நடுவே இருக்கும் தூரத்தில்தான் நானும் என்னைப்போன்ற பலரும் வேலை செய்கிறோம். அந்தத் தூரத்தைச் சொல்லாமல் விடுகிற எவரும், நான் உட்பட, மாடியில் கடை போட்டவர் செய்வதைத்தான் செய்கிறோம்.

மார்கழியில் அண்ணன் ஒரு சேற்று நண்டைக் கொண்டுவந்தான். எண்ணூர் முகத்துவாரத்தில் பிடித்தது. ஒரு பெரிய கொடுக்கு இல்லை. ஏலத்தில் ஒற்றைக் கொடுக்கு நண்டைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள்; குழம்புக்குத்தான் போகும். இதை அவன் மொட்டைமாடியில் ஒரு தெர்மாகோல் பெட்டியில் விட்டான். இரண்டு நாளைக்கு ஒருமுறை திருவொற்றியூர் கரையிலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து, கொஞ்சம் நல்ல தண்ணீர் கலந்து மாற்றினான். நெத்திலித் தலை போட்டான். அம்மா, "அத்த ஒரு நாளு மொளகு போட்டு எறக்கிட்டன்னு வெய்யி, அல்லாருக்கும் நிம்மதி" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் இல்லாத நேரத்தில் பெட்டிக்கு நிழல் கட்டினார்.

எனக்கு மகிழ்ச்சி. சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு வேலை. சில ஞாயிறுகளில் நானும் போய் அளந்தேன். மூன்றாவது வாரம், கொடுக்கு உதிர்ந்த இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு மொட்டு வந்தது. தை முடிவதற்குள் அது மடிந்த சிறு கொடுக்கின் உருவம் எடுத்தது. பார்த்தால் பொம்மைக் கொடுக்கு. நண்டு பழைய ஓட்டைச் சட்டைபோல உரிக்கும் நாளில் விரியும்.

மாசி வந்து போனது. பங்குனி முதல் ஞாயிறு மதியம் நான் மாடிக்குப் போனபோது அண்ணன் பெட்டியருகே குந்தியிருந்தான். கீழே சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று இரைந்துகொண்டிருந்தன. அவன் வலது கையை வெயிலில் நீட்டி, கட்டைவிரல் இருந்த இடத்தை இடது கையால் மெல்ல அழுத்திப் பார்த்தான். பிறகு குனிந்து நண்டின் மொட்டைப் பார்த்தான். மறுபடி கையை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நண்டு அவனுக்குப் பொழுதுபோக்கு இல்லை. மொட்டு வந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வைத்திருந்தான். தினமும் காலையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான். நாங்கள் ஆய்வகத்தில் செய்வதும் அதேதான்: வளர்வதையும் வளராததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஆய்வு செய்தவன் அவன். முடிவைச் சொல்ல வேண்டியவள் நான்.

அவன் என்னைப் பார்க்காமலே கேட்டான். "ஒண்ணு கேக்கறேன், சுத்தி வளைக்காத. எனக்கு வளருமா?"

"வளராதுண்ணா."

"உன் மருந்து?"

"வரும்னு நம்பித்தான் தினம் தரமணி லேபுக்கு ரெண்டு வண்டி மாறிப் போறேன். ஆனா உன் லாஞ்சு இந்த ஆனில எறங்குது. மருந்து எந்த ஆனிலன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. உன் காலத்துல வராதுன்னு வெச்சுக்கோ."

"இத்த கார்த்திகைலயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்."

லாரி ஒன்று நகர்ந்து மறுபடி நின்றது. அவன் கேட்டான், "அப்ப இந்த எடம்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவன் பக்கத்தில் குந்தினேன். "மீனுக்கு நாங்க வெட்டின அன்னிக்கே வேலை ஆரம்பிச்சிடும். நண்டுக்கும் அப்படித்தான். உனக்கு ஆறி, தழும்பு மூடியாச்சு. உள்ள எதுவும் காத்துக்கினு இல்ல. நாளைக்கே மருந்து வந்தாலும் புதுசா ஒரு காயம் பண்ணித்தான் ஆரம்பிக்கணும்னு நெனைக்கிறேன். அங்க கால் விரல் இருந்தா, அத எடுத்துட்டு ஆரம்பிச்சுக்கலாம். இடம் எங்கயும் போயிடாது. ஆனா ஆனி போயிடும்."

அவன் தழும்பை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று ஏழு மாதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை. "அன்னிக்கு டாக்டர் கேட்டாங்களே, யார் சொல்லி ஐஸ்ல வெச்சீங்கன்னு. நான்தான் சொன்னேன். கவர்ல போடணும்னு தெரியும். சொல்லல."

அவன் நண்டுப் பெட்டியின் மூடியைச் சரிசெய்தான். காற்றுக்கு ஒரு ஓரம் திறந்திருக்க வேண்டும், அதற்காக.

"நீ போன எடுக்கங்காட்டியும் விரலு பெட்டிக்குள்ள போயாச்சு" என்றான். "மீன் ஏத்துறவனுக்கு ஐஸ்ல வெய்யின்னு நீ சொல்லணுமா? நாங்க இன்னா சேட்டு வூட்டுப் புள்ளைங்களா?"

கூட்டாளி போனில் "கைலதான் வெச்சுகினு கீறேன்" என்று சொன்னார். அது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. அண்ணன் சொன்னது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று அவரிடம் நான் கேட்டதில்லை. கேட்கப்போவதும் இல்லை.

"டாக்டரம்மா எந்தக் கெழமைல குந்துறாங்க?" என்றான்.

"புதன்."

"அப்ப புதன்."

பங்குனி முடிவதற்குள் அறுவை நடந்தது. காலை உள்ளே போனவன் மாலை வெளியே வந்தான். முதல் ஐந்து நாள் செவிலியர் மணிக்கொரு தரம் வந்து புது விரலைத் தொட்டுச் சூடு பார்த்தார். நிறம் குறித்தார். நானும் குறித்தேன். இரண்டாம் நாள் ஒரு முறை விரல் நீலம் கண்டது; கட்டைத் தளர்த்தினார்கள், சிவந்தது. அம்மா பார்க்க வந்தபோது விரலைவிடக் காலைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு, "செருப்பு ஒரு சைஸு கொறஞ்சா போதும்" என்றார்.

தடைக்காலத்தில் லாஞ்சுகளெல்லாம் துறைமுகத்தில் நெருக்கியடித்து நின்றன. பெயிண்ட், பலகை, வலை வேலை. ஆட்கள் கரையில் இருக்கும் இரண்டு மாதம் இதுதான். நான் பிளாஸ்டிக் உறை போட்ட தாள்களும், வாய் மூடும் கவர் ஒரு கட்டும் எடுத்துக்கொண்டு விடுமுறை நாட்களில் லாஞ்சு லாஞ்சாகப் போனேன். தாளில் இருந்தது:

விரல் துண்டானால்: 1. துண்டைத் தேடி எடு. 2. சுத்தமான ஈரத் துணியில் சுற்று. 3. கவரில் போட்டு இறுக்கி மூடு. 4. கவரை ஐஸ் கலந்த தண்ணீரில் வை. விரல்மேல் ஐஸ் படக்கூடாது. 5. கையைத் துணியால் அழுத்திக் கட்டி, தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு வா.

முதல் லாஞ்சிலேயே விரட்டினார்கள். பூசை போட்டு, புதுப் பெயிண்ட் அடித்த படகில் விரல் துண்டாகும் பேச்சா? "இன்னாமே, நல்ல நாளும் அதுவுமா எங்க விரல எண்ண வந்துட்டியா? எட்த்துகினு போ பாப்பா" என்றார் ஒரு பெரியவர். நான் ஐந்து லாஞ்சு ஏறினேன், ஐந்திலும் இறங்கினேன். தாளில் எழுத்தைப் பெரிதாக்கலாமா, படம் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது லாஞ்சுக்கு அண்ணன் கூட வந்தான். கையில் கட்டு இருந்தது, காலில் கட்டு இருந்தது, நொண்டிக்கொண்டே பலகை ஏறினான். ஒன்றும் விளக்கவில்லை. கைக்கட்டுக்கு வெளியே கட்டைவிரல் இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த கால் விரலை டிரைவர் முகத்துக்கு நேராகக் காட்டினான். "கவரு போட்டிருந்தா ஒருவேள என் விரலே இருந்திருக்கும். இத்த மாட்டு. வெட்டுப்படலன்னா நல்லது, கவர்ல பீடிக்கட்டு போட்டு வெச்சுக்க, ஈரம் படாது."

பீடி ஈரமாகாது என்பது வேலை செய்தது. தடைக்காலம் முடிவதற்குள் இருபத்து மூன்று லாஞ்சில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் தாளும் கவரும் ஒட்டினோம். பதினொன்றில் இப்போதும் கவர் காலியாகத் தொங்குகிறது; மற்றவற்றில் பீடி இருக்கிறது. தேவைப்பட்டால் கொட்டிவிடுவார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கட்டு முழுதும் பிரித்தபின் மருத்துவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். உள்ளங்கையிலிருந்து புது விரலுக்குள் நரம்பு வளர்ந்து போக வேண்டும். நல்லபடி போனால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு போகும். விரல்மேல் அடியிலிருந்து நுனிவரை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், நரம்பு எட்டிய இடத்தில் மின்சாரம் பட்டதுபோலச் சுருக்கென்று இருக்கும். வாரம் ஒருமுறை தட்டிப் பார்த்து, அந்த இடத்தில் மையால் ஒரு கோடு போட்டு, அளந்து எழுத வேண்டும். மனித உடம்பில் நான் அளக்கும் முதல் வளர்ச்சி இது. ஞாயிறு காலை, சாப்பாட்டுக்கு முன்னால். நான் தட்டுவேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "இங்க இல்ல. இங்க இல்ல. ந்தா" என்பான்.

ஆடி மாதம் இரண்டாவது ஞாயிறு நிலவரம்:

கோடுகள் பதினொன்று. பதினொன்றாவது, நகத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே. இரண்டு வாரம் நகரவே இல்லை, பிறகு நகர்ந்தது. நுனியில் இன்னும் உணர்வு இல்லை.

கை பாட்டில் மூடியைத் திறக்கிறது. ஸ்டீரிங்கைப் பிடிக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. வலை ஊசி இன்னும் நழுவுகிறது. லாஞ்சு ஆனியில் இறங்கியது. டிரைவர் இடத்தில் வேறொருவர் இருக்கிறார். கரையோரத்து நடைகளில் அண்ணன் அவருக்குப் பக்கத்தில் நின்று பாதி தூரம் ஓட்டுகிறான். முதலாளி தீபாவளி வரை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நண்டு சட்டை உரித்தது. புதுக் கொடுக்கு பழையதில் பாதி அளவு. அண்ணன் அதை முகத்துவாரத்தில் விட்டுவிட்டு வந்ததாக அம்மாவிடம் சொன்னான்.

ஆய்வகத்தில் மொட்டுச் செல்கள் எங்கிருந்து வருகின்றன என்ற அட்டவணையில் எனக்கு இன்னும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் நிறைய இருக்கின்றன. நாளை திங்கள்கிழமை. பன்னிரண்டு மீன்களுக்கு வெட்டு.